ஏர்கானும் ஸ்வெட்டரும்

அன்புள்ள முருகேசு,

மகளுக்கு வரன் அமைந்ததில் எனக்கும் நிம்மதி. முட்டிவலி தவிர இங்கே எல்லோரும் சுகம்.

நீ அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளரா! பாவம்டா நீ. கரண்டை மிச்சம் பிடிக்கச் சொன்னால் ஒருத்தரும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே சிங்கப்பூரில் நான் பராமரிப்பு பார்க்கும் ஷென்டன் வே அலுவலகக் கட்டடத்திலும் இதே கதைதான்.

அலுவலகக் கட்டடங்களில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது ஏர்கான். வெளியே 32 டிகிரி கொளுத்தும். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெந்நீர்க் குவளையைப் பிடித்துக் கையைச் சூடேற்றியபடி வேலை பார்ப்பார்கள். பிரதமரானதும் முதல் வேலையாக அரசு அலுவலகங்களில் ஏர்கான் பொருத்தச் சொன்னதாக லீ குவான் இயூ பெருமையாகச் சொல்வார். வெப்பத்தில் வேலை ஓடட்டும் என்றுதான் அவர் செய்தார், சளி பிடிக்கட்டும் என்று அல்ல.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் 'பூமியைக் காப்போம்' என்று ஒட்டியதை யாரும் சட்டை செய்யவில்லை. ஏர்கான் செலவு வாடகையோடு சேர்ந்து போய்விடுகிறது. மிச்சம் பிடித்தால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன லாபம்? அதனால் பேச்சையே மாற்றினோம். மாடி மாடியாகப் போய், "குளிருதா?" என்று மட்டும் கேட்டோம். ஆமாம் என்றவர்கள்தான் அதிகம். புழுங்குகிறது என்றவர்கள் பெரும்பாலும் கண்ணாடியோரம் வெயில் படும் இடத்தில் இருந்தவர்கள். அவர்களுக்குத் திரையும் சின்ன விசிறியும் கொடுத்தோம். பிறகு 23இல் இருந்ததை அரை அரை டிகிரியாக 25க்கு ஏற்றினோம். தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதும் 25தான். ஒரேயடியாக ஏற்றியிருந்தால் அன்றைக்கே புகார் குவிந்திருக்கும்.

விளக்கு வேறு விஷயம். ராத்திரி ஒரே ஆள் உட்கார்ந்திருப்பார், மாடி முழுக்க வெளிச்சம். சோம்பல் என்று நினைத்துவிடாதே. சுவரில் சுவிட்சுகள் எல்லாம் ஒரே மாதிரி. எதைத் தட்டினால் எது அணையும் என்று யாருக்குத் தெரியும்? துப்புரவு அக்கா ஒருவர் சொன்ன யோசனைப்படி சுவிட்சுக்கு ஒரு வண்ண ஸ்டிக்கர், அந்த விளக்குக்குப் பக்கத்தில் கூரையிலும் அதே வண்ணம் ஒட்டினோம். இப்போது தன் தலைக்கு மேல் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைக்கிறார்கள்.

2030க்குள் கட்டடப் பரப்பில் 80 விழுக்காடு பசுமைத் தரம் பெற வேண்டும் என்பது இங்கே இலக்கு. அதற்காக முதலாளிகள் ஏர்கானுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் 'சில்லர்' இயந்திரம் புதிதாக வாங்கக் காசு போடுகிறார்கள், ஸ்டிக்கருக்குக் கேட்டால் யோசிக்கிறார்கள்!

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பொது பில்லை எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுகிறீர்கள். வாட்ஸாப் குழுவில் புத்திமதி சொல்லாதே. இந்த மாத யூனிட்டையும் போன மாத யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி லிஃப்டுக்குள் ஒட்டு, போதும். வீட்டு எண் போட்டுவிடாதே. நம்ம ஆட்கள் வீம்புக்கென்றே விளக்கைப் போடுவார்கள்.

மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்குமா? இல்லையென்றால் முதலில் அதற்கு வழி பார். எத்தனை எச்.பி. மோட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று எழுது. எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வராசு