எலி மருந்து வைக்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தை

செகரட்டரி அண்ணாச்சிக்கும், கமிட்டி அண்ணன்மாருக்கும், கமிட்டியில் இருக்கிற ஒரே பெண்ணான அக்காவுக்கும் வணக்கம்.

நான்காவது மாடியிலிருந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் "பார்ப்போம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால் இந்த மடல். மும்பை தாராவியில் நம்மைப் போலவே வரிசையாக ஒட்டிக் கட்டிய சால் வீட்டைக் கொடுத்துவிட்டு, குடிசை மாற்றுத் திட்டத்தில் கட்டிய எஸ்.ஆர்.ஏ. அடுக்குமாடிக்கு ஏறி வந்த மற்ற சொசைட்டிக்காரர்களும் படிக்கட்டும் என்று இதைத் திறந்தே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாடிப்படித் திருப்பத்தில் என் மகன் கையில் எதையோ வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது அவனுக்கு. நீல நிறத்தில் ஒரு கட்டி, சோன்பப்டித் துண்டு அளவு. ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு நுனியில் நீலம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து?" எனக்குத் தெரியவில்லை. வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி, உங்களுக்கும் தெரியவில்லை. மருந்து வைத்த ஆள் போனை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அட்டைப்பெட்டியின் போட்டோ வந்தது: புரோமாடியோலோன். டாக்டரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. இந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது. ஆனால் தின்றவுடன் ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தொடங்கும். மாற்று மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது. ஒருமுறை நக்கியதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். 48 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அந்த 48 மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை.

ஒரே பெயரில் "எலி மருந்து" என்கிறோமே, அதில்தான் சிக்கல். பற்பசை மாதிரி டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டாக இருந்திருந்தால் கதை வேறு. முதல் நாள் பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும், அப்புறம் ஈரல் கெட்டுப்போகும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதைவிட மோசம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்கிற விஷவாயுவை விடும். அதற்கும் மாற்று மருந்து இல்லை. அது தானியக் கிடங்குக்கு உள்ள சரக்கு, மனிதர் தூங்குகிற வீட்டுக்கு உரியதே அல்ல. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கிறது, ஈரத்துக்கு எங்கே போவது? 2024 நவம்பரில் சென்னை பக்கம் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் இரவு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அன்றைக்குப் படிக்கட்டில் நின்று உச்சுக் கொட்டியவர்கள்தான் நாம்.

அடுத்து, கரப்பானுக்கென்று மாதம் ஒருமுறை அடிக்கிற ஸ்ப்ரே. "ஒரு மணி நேரம் வெளியே இருங்க" என்று அந்தப் பையன் சொல்கிறான். 269 சதுர அடி வீடு. சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம் அதே தரையில். அவன் அடித்த சுவரோரத்தில்தான் பாயை விரிக்கிறோம். பிள்ளை அந்தத் தரையில் கையை வைத்துவிட்டு அதே கையை வாயில் வைக்கிறது. எதிர் வீட்டுப் பூனை அதே ஓரமாக நடந்துபோய் காலை நக்குகிறது. இந்த மாதிரி ஸ்ப்ரேக்களில் வருகிற பெர்மெத்ரின் வகை மருந்தை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாய் தாங்குகிற அளவில்கூடப் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். எலி கேக் என்கிற அந்த நீலக் கட்டியைத் தின்று தள்ளாடுகிற எலியைப் பிடித்துத் தின்றாலும் அந்த விஷம் பூனைக்கும் ஏறும். சாலில் இருந்தபோது எலிக்கு நாம் மருந்தா வைத்தோம்? பூனைதான் பார்த்துக்கொண்டது. இப்போது அதைத்தான் முதலில் கொல்லப் பார்க்கிறோம்.

இத்தனையும் செய்து கரப்பானாவது போயிற்றா? இரண்டாவது மாடியில் அடித்தால் மூன்றாவது மாடிக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். சமையலறையில் இருக்கிற அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பான், 30, 40 முட்டை உள்ள பையை வயிற்றோடு சுமந்துகொண்டு திரியும். ஸ்ப்ரேயின் நெடி பட்டதும் பைப் ஓட்டை வழியாக, மாடிக்கு மாடி பைப்புகள் இறங்குகிற டக்ட் சந்துக்குள் போய்விடும். பைக்குள் இருக்கிற முட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதைவிடக் கரப்பானுக்கான விஷ ஜெல் வைப்பது மேல். கதவுக் கீல், பிரிஜ்ஜுக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில் என்று பிள்ளை கை எட்டாத இடமாகப் பார்த்துக் கடுகளவு பொட்டு வைத்தால் போதும். கரப்பான் தின்றுவிட்டுப் போய்க் கூட்டத்துக்குள் சாகும், செத்ததையும் அதன் எச்சத்தையும் தின்கிற மற்றதும் சாகும். ஆனால் ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. போன தடவை அந்த ஆள் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டுப் போனார். காசு தண்டம்.

(வேப்பிலைப் புகை போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்கிற ஆச்சிமாருக்கு: கொசு கொஞ்சம் விலகும், கரப்பான் கண்டுகொள்ளாது. பிள்ளைக்கு இருமல்தான் வரும். கரப்பான் சாக்குக்கட்டியால் வாசலில் கோடு போடுகிறவர்களே, அதுவும் பூச்சிமருந்துதான். சிலேட்டுக்கு எழுதுகிற சாக்குக்கட்டி என்று பிள்ளை நினைத்தால் அது பிள்ளையின் தப்பில்லை.)

அண்ணாச்சி, எலி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். டக்டின் அடியில் ஜன்னல் வழியாக எறிந்த குப்பை முழங்கால் உயரம் கிடக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் மோரியில் (குளிக்க, பாத்திரம் கழுவ இருக்கிற மூலையில்) பைப் போகிற இடத்தில் ஓட்டை. பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலிக்குப் போதும். கம்பி வலையைத் திணித்து சிமென்ட் பூசினால் ஒரு மாடிக்கு ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. டக்டைக் காலி செய்யாமல் மருந்து வைப்பது, சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்து பட்டினி கிட என்பது மாதிரி. முனிசிபாலிட்டியிலும் எலிக்கென்று ஆள் இருக்கிறார்கள். தடியும் டார்ச்சுமாக இரவில் வந்து, ஒரு இரவுக்கு 30 எலி என்று கணக்குக் காட்டுகிறவர்கள் அவர்கள். நம் பகுதிக்கான ஜி நார்த் வார்டு முனிசிபல் ஆபீசில் சொசைட்டி பேரில் ஒரு கடிதம் கொடுக்கக் கமிட்டிக்கு அரை நாள் ஆகுமா?

எனக்கு மருந்தே கூடாது என்றில்லை. மழைக்காலத்தில் எலி மூத்திரத் தண்ணீரில் கால் வைத்து லெப்டோ காய்ச்சல் (எலிக்காய்ச்சல்) வந்தவர்களை இந்தத் தெருவில் பார்த்திருக்கிறேன். வைக்கிறவர் லைசென்ஸ் உள்ளவரா என்று பாருங்கள். பூச்சிமருந்து விதிப்படி அது அவரிடம் இருந்தாக வேண்டும். டப்பாவில் இருக்கிற முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்புதான் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை கடைசி. எலி கேக்கைப் பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், படிக்கட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்டுங்கள். மருந்தின் பெயர் தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும். அதற்குக் கீழேயே டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்து எண்ணையும் எழுதுங்கள்: 1800 116 117. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல், மருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை மருந்து வைப்பது வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து தள்ளிவையுங்கள். அன்றைக்கு டக்டைக் காலி செய்வோம். என் வீட்டுக்காரரும் மூன்றாவது மாடித் தம்பிகள் இரண்டு பேரும் காலை ஏழு மணிக்கு இறங்கத் தயார். கையுறையும் பூட்ஸும் நாங்களே வாங்கிவிட்டோம். டக்ட் கதவின் சாவி மட்டும் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நான்காவது மாடி, படிக்கட்டுக்கு இடப்பக்கம் முதல் வீடு