கால்வே போகிற வழியில் ஒரு நிறுத்தம்

டப்ளினிலிருந்து விடுமுறைக்குக் கால்வே பக்கம் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும், கல்லூரிக் கூட்டாளிகள் வந்தாலும் நம் திட்டம் ஒன்றுதான். எம்6 சாலையைப் பிடித்து நேரே கால்வே, அப்புறம் மோஹர் பாறைகள், இரவுக்குள் வீடு. விஸ்கி செய்வதைப் பார்க்கணும் என்று யாராவது கேட்டால் டப்ளினுக்குள்ளேயே விளக்கும் கண்ணாடியுமாக ஜொலிக்கும் ஓர் இடத்தைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். ஆனால் பாதி வழியில், வெஸ்ட்மீத் மாவட்டத்தில், ப்ராஸ்னா ஆற்றங்கரையில் கில்பெக்கன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அடுத்த முறை அங்கே வண்டியை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அங்கே ஒரு விஸ்கி வடிசாலை 1757-இல் தொடங்கியது. உரிமம் பெற்றவற்றில் அயர்லாந்திலேயே பழையது தாங்கள்தான் என்கிறார்கள். வடக்கு அயர்லாந்தில் உள்ள புஷ்மில்ஸ் வடிசாலைக்காரர்கள் 1608 என்று பாட்டிலிலேயே போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஆண்டில் உரிமம் கொடுத்தது அந்த வட்டாரத்து நிலக்கிழார் ஒருவருக்கு, அங்குள்ள வடிசாலை பதிவானது 1784-இல். யார் மூத்தவர் என்ற வழக்கை அவர்களே பேசித் தீர்க்கட்டும். என்னை இழுப்பது வேறொன்று. கில்பெக்கன் ஆலையை அந்த ஊர் ஜனங்கள் கைவிடவே இல்லை.

1843-இல் ஜான் லாக் என்பவர் ஆலையை எடுத்தார். 1866-இல் கொதிகலன் பழுதாகிப் போனது. புதிதாக வாங்கப் பணம் இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கொதிகலனை வாங்கி முதலாளிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்! முதலாளி ஊருக்குக் கோயில் கட்டிக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். ஊர் சேர்ந்து முதலாளிக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்த கதை எத்தனை இருக்கும்? 1878-இல் தீப்பிடித்தபோது, கிடங்குக் கதவுகளை உடைத்து, விஸ்கிப் பீப்பாய்களைத் தெருவில் உருட்டிக் காப்பாற்றியவர்களும் இவர்கள்தான் என்கிறார்கள்.

பிறகு சரிவு. ஈனியாஸ் காஃபி, ஐரிஷ் கலால் துறையில் வேலை பார்த்தவர், 1830-இல் இடைவிடாமல் வடிக்கும் ஒரு கலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஐரிஷ் ஆலைகளில் பலவும் அதை மதிக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு மலிவான கலப்பு விஸ்கியால் உலகச் சந்தையை அள்ளினார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பிரிட்டனோடு வர்த்தகச் சண்டை வேறு. கில்பெக்கனில் விஸ்கி வடிக்கும் செப்புக் கொப்பரைகளும் சில ஆண்டுகள் குளிர்ந்து கிடந்தன.

1947-இல் விற்பனைக்கு வந்தபோது வாங்க வந்த வெளிநாட்டுக் கும்பலின் கண் ஆலைமீது இல்லை, கிடங்கில் முதிர்ந்து கிடந்த சரக்குமீது. இங்கிலாந்தில் போருக்குப் பிந்தைய தட்டுப்பாடு. கள்ளச்சந்தையில் நல்ல விலை. அவர்களால் முன்பணம்கூடக் கட்ட முடியவில்லை. விவகாரம் நாடாளுமன்றம் வரை போய், அமைச்சர்கள்மீது குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை மன்றம் உட்கார்ந்தது. அமைச்சர்கள்மேல் தவறில்லை என்று அது சொன்னது. ஆனாலும் 1932 முதல் ஆட்சியில் இருந்த பிரதமர் டி வலேராவின் கட்சி 1948 தேர்தலில் ஆட்சியை இழந்தது. லாக் விவகாரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணங்களில் அதுவும் ஒன்று.

1950-களில் வடிப்பு நின்றது. அடுத்து வாங்கிய ஒரு ஜெர்மன் வணிகர் மிச்சமிருந்த விஸ்கியை விற்றுக் காசாக்கிவிட்டுக் கட்டடத்தில் பன்றி வளர்த்தார். செப்புக் கொப்பரைகள் பின்னர் பழைய உலோகமாகப் போயின. இவ்வளவுக்கும் நடுவில் கைமாறிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஐந்து பவுண்டு உரிமக் கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டினார்கள் என்பது ஆலை சொல்லும் கதை. பன்றிக் கொட்டகைக்கு எதற்கு வடிசாலை உரிமம் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை.

1982-இல் ஊர்க்காரர்கள் மறுபடி ஒன்றுகூடினார்கள். சங்கம் வைத்து, நிதி திரட்டி, இடிந்த கட்டடத்தைச் சீரமைத்து மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அது முடிந்த பிறகுதான் கூலி (Cooley) என்ற ஐரிஷ் விஸ்கி நிறுவனம் வந்தது. 2007-இல், 250-ஆம் ஆண்டில், டல்லமோர் ஊரிலிருந்து கொண்டுவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொப்பரை ஒன்றில் மீண்டும் வடிக்க ஆரம்பித்தார்கள். இன்று அது ஜப்பானின் சன்டோரி குழுமத்தின் கையில் இருக்கிறது.

நாங்கள் குடிப்பதில்லையே என்பவர்களுக்கும் அங்கே பார்க்க நிறைய உண்டு. ஆற்று நீரில் சுழலும் பெரிய சக்கரம், அது ஓட்டும் பல்சக்கரங்கள், மாவரைக்கும் கல். ஆற்றில் தண்ணீர் வற்றினாலோ மீறினாலோ கைகொடுக்க 1887-இல் வைத்த நீராவி எந்திரம். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்தில் புரியாதது அங்கே கண்ணெதிரே ஓடும். வண்டி ஓட்டுபவர் சுவைக்கும் மேசைப் பக்கம் போகவே வேண்டாம். இங்கே போலீஸ் சோதனை கடுமை. சுற்றிக் காட்டும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மோஹர் பாறைகள் அன்றைக்கு விட்டுப்போனால் போகட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்