தடுப்பூசிக்கான பணத்தை முதல் காலாண்டிலேயே விடுவியுங்கள்

நிதி அமைச்சின் அதிகாரிகளுக்கும், வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தடுப்பூசி வாங்க ஒதுக்கும் பணத்தைப் பற்றியது இந்த மடல். தொகையைக் கூட்டுங்கள் என்று கேட்க வரவில்லை. ஒதுக்கியதை நேரத்துக்கு விடுவியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இலங்கையில் பிறக்கும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியும் போலியோ சொட்டு மருந்தும். ஒன்பதாவது மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். 2017 முதல் பத்து வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியும் உண்டு. எதற்கும் ஒரு சதமும் கேட்பதில்லை. கிளினிக்குக்கு வராத தாயைத் தேடிக் குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கே போகிறார். போர் நடந்த ஆண்டுகளில்கூட, போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓய்த்தன. இந்த நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல்.

பென்டாவேலன்ட் ஊசி 2008இல் வந்தபோது உலகத் தடுப்பூசிக் கூட்டணியான காவி கைகொடுத்தது. பிறகு நம் வருமானம் உயர்ந்தது. அந்த உதவியிலிருந்து முதலில் வெளியேறிய நாடுகளில் நாமும் ஒன்றானோம். அது பெருமைதான். ஆனால் அன்றிலிருந்து பில் முழுவதும் நம்முடையது, அதுவும் டொலரில். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360ஐத் தொட்டது. ஊசியின் விலை ஏறாமலேயே செலவு 80 சதவீதம் ஏறிவிடும் நிலை அது.

அதே ஆண்டு டிசம்பரில் நம்மைப் போலவே கானாவும் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 தொடக்கத்தில் அங்கே தடுப்பூசிகள் தீர்ந்துபோயின. தீர்ந்தவை எவை என்று பாருங்கள்: பி.சி.ஜி., சின்னமுத்து ஊசி, போலியோ சொட்டு மருந்து. விலை கூடிய புதிய ஊசிகளுக்குக் காவியின் பங்கு இருந்தது. அரசு தன் காசில் வாங்கவேண்டிய மலிவான மருந்துகளே இல்லாமல் போயின. தங்கள் நாணயமான செடியின் வீழ்ச்சியைச் சுகாதார அமைச்சர் காரணம் காட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்த தாய்மார் ஊசி போடாமலே திரும்பினார்கள். இந்த அளவு மலிவான மருந்துக்கு ஒரு நாட்டால் பணம் தேட முடியாமல் போனது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நமக்கும் எச்சரிக்கை வந்தாயிற்று. 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு நம்மை அறிவித்தது. 2023இல் அந்த நோய் திரும்பிப் பரவியது. 2024 ஜனவரியில், ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போடவேண்டி வந்தது.

தடுப்பூசி நினைத்தவுடன் கடையில் வாங்கும் பொருள் அல்ல. யுனிசெஃப் ஊடாக வாங்கப் பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். கட்டிய பின்னும் கப்பல் அல்லது விமானம் ஏறிவர மாதங்கள் ஆகலாம். திறைசேரி பணத்தைத் தாமதித்தால் அப்புறம் அவசரக் கொள்வனவுதான். அவசரத்தில் வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரம் போதும். அது தடுப்பூசி இல்லை. ஆனால் வாசல் ஒன்றுதான்.

சரி, என்ன செய்யலாம்? ஆண்டுக்கான தடுப்பூசிப் பணத்தை முதல் காலாண்டிலேயே முழுதாக விடுவியுங்கள். கணக்கை டொலரில் போட்டு, ரூபாய் சரிந்தால் ஈடுகட்ட ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள். பணம் பிந்தும் நாடுகளுக்கு முன்கூட்டியே கொடுத்து உதவ யுனிசெஃப் 1991 முதல் ஒரு நிதியை நடத்துகிறது. நெருக்கடி வந்த பிறகு அல்ல, இப்போதே அவர்களோடு பேசி வையுங்கள். சர்வதேச நாணய நிதியத்துக்குக் கொடுத்த இலக்குகளுக்காகச் செலவைக் குறைக்கும்போது தடுப்பூசிக்கான இந்த ஒதுக்கீட்டில் கை வைக்காதீர்கள்.

பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு வேலை. குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சின் செலவினத் தலைப்பு வரும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: தடுப்பூசிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், இன்றுவரை எவ்வளவு விடுவித்தீர்கள், ஒவ்வொரு ஊசியும் எத்தனை மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கிறது? பதிலைப் பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் பதியவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
மட்டக்களப்பு