மேடையில் உ.வே.சா.

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையராக வேடமிட்ட நடிகர், பள்ளிகள்தோறும் சென்று மாணவர்களிடம் பேசி வருவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். சொந்த ஊர் உத்தமதானபுரம் என்று தொடங்கி ஆண்டுகளை வரிசையாக ஒப்பிப்பதோடு இத்தகைய நிகழ்ச்சிகள் நின்றுவிடக் கூடாது. தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் மட்டுமே உ.வே.சா. ஆகிவிடா. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ.வே.சா. கற்றதாகச் சொன்ன அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எவற்றையும் பெரிதாக மதிக்காமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டாரே, கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் அந்நூலைப் படித்ததில்லை என்று உணர்ந்த அந்தக் கணமும், அதிலிருந்து 1887-இல் நூல் அச்சேறும்வரை அவர் ஏடுகளோடு பட்ட பாடுமே மேடைக்கு உரியவை.

தமிழாசிரியராக இருந்தபோது, வீட்டுப் பரணில் கிடந்த ஓர் ஓலையை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். புள்ளியில்லா மெய்யெழுத்து, 'ர' எது, துணைக்கால் எது என்று பிரித்தறிய இயலாத வடிவம் (எனக்கே தடுமாற்றம்தான்) இவற்றோடு மல்லாடி, ஒரே ஓர் அடியைப் படிக்க மாணவர்களுக்குப் பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது; மணி அடித்த பிறகும் சிலர் எழவில்லை. ஆகவே, நடிகர் தம்முடன் ஓர் ஏட்டின் படியையும் எடுத்துச் சென்று மாணவர்களையே வாசிக்கச் செய்யலாம். டெல்டா மாவட்டப் பள்ளிகள், நிகழ்ச்சிக்குப் பின் அவர்களை உத்தமதானபுரத்து நினைவு இல்லத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வலங்கைமான்