தெப்பக்குளத் திருப்பணி நிறைவு: வரிதாரர்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

கோயிலுக்கு வரி கொடுக்கும் அன்புள்ள வரிதாரர்களுக்கு வணக்கம்.

தெப்பக்குளத் திருப்பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைக் கோயில் முன்மண்டபத்தில் ஒட்டியிருக்கிறோம், பொதுக்கூட்டத்திலும் வாசிப்போம். அதனால் இங்கே ரூபாய்ப் பேச்சு வேண்டாம். "ஒரு குளத்தைத் தூர்வார ஒன்றரை வருஷமா?" என்று பலரும் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த அறிக்கை.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. நம் தெப்பக்குளம் நிரம்பித் ததும்பி, கிழக்குப் படித்துறை சரிந்தது. அடுத்த சித்திரையிலோ அதே குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். படித்துறையை மட்டும் கட்டிக் கல்வெட்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வேண்டாதபோது வரும் தண்ணீர் வேண்டும்போது ஏன் வருவதில்லை? கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு ஓடை நெடுக நடந்தோம்.

ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் வாய்க்காலில் வரும் தண்ணீர் ஊர்க்குளத்தில் சேர்ந்து, மடை வழியாக ஓடையில் இறங்கித் தெப்பக்குளத்துக்கு வர வேண்டும். நடந்தால் இருபது நிமிஷம். அதற்குள் ஐந்து பேர் எல்லை. மடை நீர்வளத்துறையுடையது, நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள குளம் அவர்கள் கையில், குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். சாலைக்கு அடியில் போகும் குழாய் சாலைக்காரர்களுக்கு. அப்புறம் வரும் வாறுகால், அதாவது தெருவோர வடிகால், பேரூராட்சிக்கு. தெப்பக்குளம் கோயிலுக்கு. உபரித் தண்ணீர் இறங்குவது பக்கத்து ஊராட்சியில்.

சிக்கல் சாலைக்கு அடியில் இருந்தது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை ஒரு முனையில் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் மகன் குழாயின் வாயில் வைத்தான். ஓடைத் தரையைவிடக் குழாய் ஒரு சாண் உயரம். சாலையை மேடாக்கியபோது குழாயையும் தூக்கி வைத்திருக்கிறார்கள். மடை திறந்தால் தண்ணீர் குழாய் வாசல் வரை வந்து நின்றுவிடும். வெள்ளம் வந்தால் மட்டும் குப்பையோடு சேர்ந்து உள்ளே பாயும்.

மனு எழுதினோம். "காலநிலை மாற்றத்தால்" என்று தொடங்கிய முதல் மனு, "இது எங்கள் வேலை இல்லை" என்று மூன்று இடத்தில் திரும்பி வந்தது. மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். ஆனால் வாறுகாலில் மண்வெட்டி போட ஆள் அனுப்ப வேண்டியது உள்ளாட்சிதானே. கமிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் அரசியல் சாசனத்தைப் புரட்டினார். ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் காலநிலை என்ற சொல்லே இல்லை. சிறுபாசனம், நீர் மேலாண்மை இருக்கிறது. மனுவை அந்தச் சொல்லில் மாற்றி எழுதினோம். ஃபைல் நகர்ந்தது. வெள்ளம் ஒன்றுதான், எந்தப் பெயரில் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது போலும்!

குழாய் ஒருவழியாகத் தாழ்த்தப்பட்டது. வாறுகாலைப் பேரூராட்சி தூர்வாரியது. படித்துறை வேலை எங்களுடையது, பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

கஷ்டப்பட்டது பக்கத்து ஊரில். 2023-இல் நம் குளத்து உபரி அவர்கள் தெருவுக்குள் இடுப்பளவு ஏறியது. மறுமாதமே வடிகாலில் மண் அடித்து மூடிவிட்டார்கள். நாங்கள் போய்ப் பேசியபோது ஒரு பாட்டி, "உங்க சாமி குளிச்ச தண்ணில எங்க அடுப்பு மிதந்துச்சு" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நாம் குளத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டால் தண்ணீர் அவர்கள் வாசலுக்குத்தான் போகும். பேசி ஒத்துவரும் நேரத்தில், 2025 ஜனவரியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தலைவர் போய்த் தனி அலுவலர் வந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

முடிவு இது. வடிகால் தெருவைத் தொடாமல் வயல் வாய்க்காலில் சேர்கிறது. வாயில் இரும்புப் பலகை அடைப்பு உண்டு. மேலிருந்து மூன்றாம் படியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் கோட்டைத் தொட்டால் பலகையைத் தூக்க வேண்டும். சாவி இரண்டு: ஒன்று கோயில் அலுவலகத்தில், ஒன்று அந்த ஊரில். தூக்கும் முன் போன் செய்தாக வேண்டும். புரட்டாசி முதல் வாரத்தில் யார் எந்தத் துண்டைச் சுத்தம் செய்வது என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாலைக் குழாய் மட்டும் எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். அடுத்த கமிட்டி இதை விடாமல் பிடிக்க வேண்டும்.

வாறுகாலில் இரண்டு வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இன்னும் விழுகிறது. யார் வீடு என்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த ஐப்பசி மழையில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு படி கீழே நின்றது. மிச்சமான கருங்கல் சில்லு வடக்கு மதிலோரம் கிடக்கிறது. வேண்டியவர்கள் கார்த்திகைக்குள் கணக்கரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி