இரண்டு வாள் எடுத்தால் இரண்டு மடங்கு அடியா?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை இரவு நம் கடை மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும்போது கொஞ்ச நாளாக ஒரே வாக்குவாதம். இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்தால் என்ன கணக்கு? பாதிப் பேர் கையில் நாங்கள் விற்ற பழைய மூன்றாம் பதிப்பு, மீதிப் பேர் கையில் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. சண்டை வராமல் இருக்குமா?

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு ரொம்பக் கறார். பழக்கமில்லாதவன் இரண்டு ஆயுதம் எடுத்தால் அடி படுமா என்று பார்க்க உருட்டும் பகடை வீச்சில் வலக்கைக்கு 6 கழியும், இடக்கைக்கு 10. இடக்கையில் இலேசான ஆயுதம் என்றால் 4, 8. சிலம்பத்தில் இரட்டைக் கம்பு சுற்றும் பிள்ளைகளுக்கு இது நியாயமாகவே படும். இதைக் குறைக்க ஃபீட் எனும் தனித்திறமைகள் இரண்டு வேண்டும்: இரட்டை ஆயுதப் பயிற்சி ஒன்று, ஆம்பிடெக்ஸ்டிரிட்டி எனும் இருகைப் பழக்கம் இன்னொன்று. இரண்டும் இருந்து, இடக்கை ஆயுதமும் இலேசாக இருந்தால்தான் இரு கைக்கும் 2 கழிவோடு போகும். 2003-இல் வந்த 3.5 பதிப்பில் இரண்டையும் ஒரே ஃபீட்டாக்கிவிட்டார்கள். நல்ல காரியம்.

ஐந்தாம் பதிப்பில் வலக்கை, இடக்கை பேச்சே இல்லை. வீச்சில் எதுவும் கழியாது. இரண்டும் இலேசான ஆயுதமாக இருந்தால், ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் செயலான போனஸ் ஆக்‌ஷனில் இன்னொரு அடி. ஆனால் அந்த அடியின் சேதத்தில் பலத்துக்கான கூட்டல் சேராது.

“ஏண்ணே, ரெண்டும் என் கைதானே?” என்று ஒரு தம்பி கவுண்டரில் கேட்டார். சரி, கூட்டல் 3 என்று வைத்துக்கொள்வோம். குட்டை வாளுக்கு ஆறு முகப் பகடை ஒன்று, சராசரி 3.5. இரண்டு அடியும் பட்டால் 6.5, அப்புறம் 3.5, ஆக 10. இரு கையாலும் தூக்கும் பெரிய வாளுக்குப் பகடை இரண்டு: 7, கூட்டல் 3. அதுவும் 10தான்! இரண்டாம் அடிக்கும் கூட்டல் கொடுத்தால் பெரிய வாளை யார் தொடுவார்? ஆனால் ஐந்தாம் நிலையில் ஃபைட்டர் எனும் போர்வீரர் பாத்திரத்துக்கு ஒரு முறையில் ஓர் அடி கூடும்போது பெரிய வாள் 20, இரட்டை வாள் 16.5. இரட்டை ஆயுதத்துக்கென்று உள்ள ஃபைட்டிங் ஸ்டைல் எனும் சண்டைப் பாணியை எடுத்தால் 19.5 வரை எட்டலாம்.

ரோக் எனும் பதுங்கித் தாக்கும் பாத்திரத்தை ஆடுபவர்களுக்கு இரட்டைக் கத்தி லாபமே. முதல் அடி தப்பினாலும் ஸ்னீக் அட்டாக் எனும் அவர்களுடைய கூடுதல் சேதத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. போனஸ் ஆக்‌ஷனை அதில் செலவழித்துவிட்டு, நழுவவும் வேண்டும் என்று கேட்காதீர்கள்.

இனி நம் மேசையில் 2014 விதிகள் மட்டும்தான். பழைய கேரக்டர் வைத்திருப்பவர்கள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வாருங்கள், உட்கார்ந்து மாற்றி எழுதித் தருகிறோம். பென்சில் கொண்டு வரவும்.

அன்புடன்,
கடைக்காரர்,
சுங்கை சிப்புட்