அந்த மரத்தடியில் ஊஞ்சல் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் நகர்ப் பூங்காவில் சிறுவர் விளையாட்டுத் திடல் வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு மாதமாக வாக்குவாதம் நடக்கிறது. வேண்டாம் என்று போன மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறப் போகிறேன். பல ஊர்களில் இதே பேச்சு ஓடுகிறது என்று கேள்விப்படுவதால் காரணத்தை உங்கள் வாசகர்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அரை ஏக்கர்கூடத் தேறாத பூங்கா அது. நடுவில் எட்டு வடிவ நடைபாதை, ஒரு பக்கம் உடற்பயிற்சிக் கருவிகள், நாலு சிமென்ட் பெஞ்சு, மூலையில் பெரிய தூங்குமூஞ்சி மரம். அந்த மரத்தடியில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு சீசா, கொஞ்சம் மணல். திட்டம் இவ்வளவுதான். நடக்க வருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தோம். சத்தம், புழுதி, அப்புறம் பிள்ளைகள் குறுக்கே ஓடி நாங்கள் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது என்ற பயம். எனக்கு 68 வயது, ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. அந்தப் பயம் பொய்யில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஏழெட்டு வயதில் இரண்டு பெண் பிள்ளைகள் செங்கல் துண்டால் நடைபாதையில் பாண்டிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காவலாளி விசில் ஊதியபடி வந்து, தண்ணீர் ஊற்றிச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குச் சொன்ன வேலையைச் செய்தார். ஒருத்தி ஓடிவிட்டாள். இன்னொருத்தி சில்லைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்து, "அப்போ நாங்க எங்க ஆடுறது, பாட்டி?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். தெருவில் இரண்டு பக்கமும் கார். அடுக்குமாடிகளில் கீழ்த்தளத் தூணிலேயே 'இங்கே விளையாடக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் பூட்டு. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஓர் இடம் இல்லை.

என்னை டாக்டர் தினமும் 40 நிமிடம் நடக்கச் சொன்னார். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னுடைய 40 நிமிடத்துக்குப் பாதை போட்டு, கருவி வைத்து, விளக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய 60 நிமிடத்துக்கு ஒரு ஊஞ்சல்கூட இல்லை.

எங்கள் தரப்பில் ஒருவர், பூங்கா இடத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். சொன்னது உண்மைதான். பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் போட்ட வழக்கு, 1991-இல் தீர்ப்பானது. ஆனால் ஊஞ்சல் தனியார் மருத்துவமனை இல்லையே! 1959-இல் நம் மாநிலம் கொண்டுவந்த சட்டம் பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி மூன்றையும் சேர்த்துத்தான் பாதுகாக்கச் சொல்கிறது. இன்றைக்கும் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அது நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருப்பதாக நான் பார்க்கவில்லை.

சத்தம் என்ற காரணமும் எனக்கு இப்போது நிற்கவில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் வந்து போகிறோம். பிள்ளைகள் பள்ளி விட்டு நாலரைக்கு மேல்தான் வருவார்கள். சாயங்காலம் நடக்கிற சிலருக்காக மரத்தடிக்கும் பாதைக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்குச் செடிவேலி வைத்தால் போதும்.

என்னை உறுத்துவது வேறொன்று. கூட்டத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ஊஞ்சல் போட்டா அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் வருங்க" என்றார். 'அந்தப் பக்கம்' என்றால் பின்தெருவில் இருக்கிற வாரியக் குடியிருப்பு. பத்துப் பேர் தலையாட்டினார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. பாண்டி ஆடிய அந்த இரண்டு பேரும் அங்கேயிருந்து வந்தவர்கள்தான். என் வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண்ணின் பிள்ளைகளும் அங்கேதான் வளர்கிறார்கள். வேலைக்கு அவள் வேண்டும், அவள் பிள்ளை பூங்காவுக்கு வரக் கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்? பொதுப் பணத்தில் பராமரிக்கிற பூங்காவில் வெளிப்பிள்ளை என்று யாரும் கிடையாது. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, திடல் வரட்டும் என்பதற்காக எப்படியோ ஒன்றைக் கொண்டுவந்து நட்டால் போதாது. மரத்தில் ஒரு கிளைகூட வெட்டக் கூடாது. தரையில் ரப்பர் விரிப்புப் போடுவதாகச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு அதில் நின்று பார்த்தால் தெரியும். மரத்தடி மணலே நல்லது, நாய் பூனை வராமல் இரவில் மூடி வைத்தால் சரி. மூன்று வயதுக் குழந்தைக்கும் பத்து வயதுப் பையனுக்கும் ஒரே ஊஞ்சல் ஆகாது, தனித்தனியாக வேண்டும். சாந்தோமில் மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடும்படி சென்னை மாநகராட்சி ஒரு திடல் அமைத்தது. அதுபோல வாசலிலிருந்து சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு சரிவுப் பாதை போட்டால் எங்கள் முழங்காலுக்கும் உதவும்.

முக்கியமாகப் பராமரிப்பு. என் மகள் வீட்டுப் பக்கம் ஒரு பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கம்பியால் முறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் இன்னும் அதில்தான் ஆடுகிறார்கள். புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணைத் திடலிலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை போல்ட், சங்கிலி பார்க்கிற பொறுப்பு யாருக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். காலையில் பூங்காவில் இருக்கிற எங்களில் நாலு பேர் முறைவைத்துப் பார்த்துச் சொல்லலாம். நான் ஒருத்தி தயார்.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் இந்த விஷயம் மறுபடி வருகிறது. கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். என்னோடு நடக்கிற இரண்டு பேர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மூத்த வாசகி,
சென்னை